மருமவனுக்கு சுகர் இல்லையாம்

ஒனக்கு சுகர் இல்லைன்னு டீக்கடையில நாலு பேரு காதுல விழும்படியாச் சொன்னியாமே மருமவனே. ரொம்பச் சந்தோசம். எங்கன வச்சுப் பாத்தேன்னு ஒருத்தன் கேட்டதுக்கு, "பாக்கவே வேண்டாம், எனக்கே தெரியும்"னு சொன்னியாம். வயித்துக்குள்ளயே லேபு வச்சுக்கிட்டு நடமாடுத ஆள இந்த எம்பது வயசுல இப்பத்தான் பாக்கேன். இம்புட்டு நாளும் ரத்தத்தக் குத்தி எடுத்துப் பாத்த டாக்டருமாரு எல்லாம் கோட்டிக்காரப் பயலுவ போல.

"எங்க வம்சத்துலயே கெடையாது"ன்னு வேற சேத்துக்கிட்டியாம். வம்சம்னா ஒனக்கு அப்பா வழி மட்டுந்தானா? ஒங்கம்மா என் கூடப் பொறந்தவ. வருசக்கணக்கா மெட்ஃபார்மின் மாத்திரை முழுங்குதா. போல்டன்புரத்து வீட்டப் பாகம் பிரிக்கையில மட்டும் ஒனக்கு அம்மா வழி நல்லா நெனப்பு வந்துச்சு. சரி, அப்பா வழியையே எடுத்துக்க. ஒங்கப்பா, என் மச்சான், சாகுத வரைக்கும் சோதனைக்குன்னு ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தாரா? கொடுக்கல. கடைசியில கால் பெருவிரல் கறுத்து, பாதம் வீங்கி, "எப்பமோ திருக்க முள்ளு குத்துன விசம் இப்ப ஏறுது"ன்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு. குத்தி ஏழெட்டு வருசம் கழிச்சு ஏறுததுக்கு அந்த விசம் அதுவரைக்கும் எங்க தங்கியிருந்துச்சோ! இல்லைன்னு சொல்லுதது வேற, பாக்கலைன்னு சொல்லுதது வேற. நம்ம பக்கத்துல முக்காவாசிப் பேரு வம்சம் சுத்தமா இருக்கது இந்த ரெண்டாவது வகையிலதான்.

போவட்டும், இல்லாத சீக்கப் பத்திப் பேசி என்ன ஆவப் போவுது. ஒன் தாகத்தப் பத்திப் பேசுவோம்.

ஹார்பர் ரோட்டுல கிளியரிங் ஆபீசுல ஏசிக்குக் கீழ உக்காந்துக்கிட்டு, மத்தியானத்துக்குள்ள ரெண்டு லிட்டர் பாட்டில காலி பண்ணிட்டு, "தூத்துக்குடி வெயிலு அப்பிடி மாமா"ங்க. ஏசிக்குள்ள எந்த வெயிலு வந்து ஒன்ன உறிஞ்சுதுன்னு எனக்கு வெளங்கல. வெயில் தாகம்னா என்னன்னு உப்பளத்துல உப்பு வாருத பொம்பளையக் கேட்டுப் பாரு. வெயில்ல ஒடம்புத் தண்ணி வேர்வையாப் போயிரும். மிச்சம் இருக்கத ஒடம்பு சிக்கனமாப் பிடிச்சு வச்சுக்கிடும். மூத்திரம் கொறையும், மஞ்சளாப் போவும், கடுக்கும். ஒனக்கு என்ன நடக்கு? தாகமும் கூடுது, மூத்திரமும் கூடுது. பச்சத் தண்ணியா, வெள்ளையாப் போவுது. ராத்திரி நாலு தடவ கக்கூசுக் கதவு கிரீச்சுங்குது. "இனி திருடன் வந்து கதவத் தொறந்தாலும் இவியன்னு நெனச்சுத் தூங்கிருவேன்"னு ஒன் பொண்டாட்டி அத்தைகிட்ட வந்து அழுவாத கொறையாச் சொல்லிட்டுப் போறா.

நெறையக் குடிக்கேன், அதனால நெறையப் போறேன்னு நீ நெனைக்க. கணக்கு தலகீழு. ரத்தத்துல சீனி ஏறி, ஏறத்தாழ 180ஐத் தாண்டுச்சுன்னா கிட்னியால அதத் தடுத்து வைக்க முடியாது, மூத்திரத்துல விட்டுரும். சீனி தனியாப் போவாது, தண்ணியையும் இழுத்துக்கிட்டுத்தான் போவும். போன தண்ணிக்கு ஈடு கேட்டுத்தான் நாக்கு வறளுது. மொதல்ல போறது, பொறவுதான் குடிக்கது. அந்தத் தாகத்துக்கு நீ எதக் குடிக்க? கலரு. அது பத்தலைன்னா நன்னாரி சர்பத்து. சீனி கூடித் தாகம் எடுத்தவன் சீனித் தண்ணியக் குடிச்சுத் தாகத்தத் தீக்கான்! சர்பத்துக் கடைக்காரன் மவளுக்கு வளையல் எடுத்தானாம். பாதித் துட்டு ஒன்னோடதா இருக்கும்.

"எறும்பு ஒண்ணும் மொய்க்கலையே"ன்னு கேப்ப. அந்தக் காலத்துல அதுதான் சோதன, மறுக்கல. சரகர், சுசுருதர் பேருல இருக்க பழைய வைத்திய நூலுவள்லயே மூத்திரம் இனிக்கத எழுதி வச்சிருக்காவ. நம்ம சித்த வைத்தியத்துலயும் மதுமேகம்னுதான் பேரு. வெள்ளக்காரன் நாட்டுல தாமஸ் வில்லிஸ்னு ஒரு டாக்டரு 1674ல மூத்திரம் தேனா இனிக்குதுன்னு எழுதினாரு. ருசி பாக்காம எப்பிடி எழுதியிருப்பாரு, நீயே யோசிச்சுக்க. 1776ல மேத்யூ டாப்சன்னு இன்னொருத்தரு மூத்திரத்தக் காய்ச்சி வத்த வச்சு, அடியில தங்குனது சீனிதான்னு காட்டுனாரு. கடல் தண்ணிய வத்த வச்சே பொழைக்க ஊரு நம்ம ஊரு, நமக்கு அந்த யோசன வரல பாரு. பொறவு பெனடிக்ட் கரைசல்னு ஒரு நீலத் தண்ணி வந்துச்சு. அதுல மூத்திரத்தச் சொட்டு விட்டுக் காச்சுவாவ. பச்ச, மஞ்ச, ஆரஞ்சு, செங்கல் நெறம்னு ஏறும். டியூப அண்ணாந்து பாக்க கம்பவுண்டரு மூஞ்சி போறதப் பாத்தே சீக்கு எம்புட்டுன்னு நாங்க தெரிஞ்சுக்கிடுவோம்.

ஆனா எறும்பா இருந்தாலும் நீலத் தண்ணியா இருந்தாலும், இந்த 180 தாண்டினாத்தான் அதுக்குச் சேதி தெரியும். வெறும் வயித்துல 140, 160ன்னு வருசக்கணக்கா ஓடிக்கிட்டு உள்ளுக்குள்ள கண்ணு நரம்ப, கிட்னிய அரிக்கும். பல நேரம் எறும்புக்குத் தகவலே போவாது. ஒங்க வீட்டுக் கக்கூசுலயோ மருமவ பினாயில ஊத்தி ஊத்தி வச்சிருக்கா. அதத் தாண்டி வந்து ஒனக்கு சர்டிபிகேட் கொடுக்க எந்த எறும்புக்கு உசுரு வேண்டாம்னு இருக்கு?

மெலிஞ்சும் போயிருக்க. மாதா கோயில் திருநாள்ல பாத்தவன் எல்லாம் "என்ன அண்ணாச்சி, ஜிம்முக்குப் போறியளா"ன்னு கேக்கான், நீயும் நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சிரிக்க. ராத்திரி பதினோரு மணிக்கு புரோட்டா நாலு, சால்னா, ஆம்லேட், அதுக்கு மேல வாழப்பழம். இப்பிடித் தின்னுக்கிட்டே மெலியுத வித்தய எழுதி வித்தியன்னா கிளியரிங் வேலைய விட்டுறலாம். விசயம் என்னன்னா, இன்சுலின் ஒழுங்கா வேல செய்யலைன்னா சீனி ரத்தத்துலயே சுத்திக்கிட்டுக் கெடக்கும், தசைக்குள்ள போவாது. தசைக்குப் பட்டினி. பட்டினி கெடக்க ஒடம்பு தன் கொழுப்பையும் தசையையும் தானே எடுத்துத் தின்னும். அதான் பசியும் அடங்க மாட்டேங்குது, தொடையில பேண்டும் தொளதொளங்குது. வயிறு மட்டும் எடத்தக் காலி பண்ணல, அதையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

கழுத்துல கறுப்பு விழுந்திருக்கத, சங்கிலி பட்டுக் கறுத்ததுன்னு சொல்லுத. ஒங்க அத்த கழுத்துல அம்பது வருசமாத் தாலிச் செயின் கெடக்கு, அவளுக்குக் கறுக்கல. தங்கம் ஆளு பாத்தா கறுக்கும்? கழுத்து மடிப்புலயும் கக்கத்துலயும் தோலு தடிச்சு, மெத்துமெத்துன்னு கறுத்தா, ஒடம்புல இன்சுலின் பலிக்கலைன்னு தோலு சொல்லுது. தேங்கா நாரு போட்டுத் தேச்சா தோலுதான் உரியும். அப்பொறம் கண்ணாடி. வருசத்துக்குள்ள திரும்பத் திரும்ப மாத்துத. ரத்தத்துல சீனி ஏறி எறங்குனா கண்ணு லென்சு உப்பி வத்தும், இன்னைக்குத் தெரிஞ்ச போர்டு நாளைக்கு மங்கும். பவர் மாறிருச்சுன்னு கண்ணாடிக்கடைக்காரன் சொன்னது நெசந்தான். ஏன் மாறுச்சுன்னு கேக்கதுக்கு நீ அவன்கிட்டப் போயிருக்கக் கூடாது.

ஆறுமுகநேரி பக்கம் உப்பளத்துல எனக்குத் தெரிஞ்ச கங்காணி ஒருத்தரு இருந்தாரு. உப்புத் தண்ணியில நாள்பூரா நிக்க காலு எப்பிடி இருக்கும்னு ஒனக்குத் தெரியும். வெடிக்கும், புண்ணாவும், அதுல உப்பு பட்டா உசுரு போயிட்டு வரும். இவரு மட்டும் பாத்தியில எறங்கி நின்னா முகத்தச் சுளிக்க மாட்டாரு. "இது பழகின காலுடே"ன்னு பீத்துவாரு. சின்னப் பயலுவ எல்லாம் அவரப் பெரிய வீரன்னு நம்பிக்கிட்டுக் கெடந்தானுவ. ஒருநாள் செருப்புக்குள்ள ஒடஞ்ச சிப்பித் துண்டு ஒண்ணு கெடந்திருக்கு. காலைல இருந்து பொழுது சாயுத வரை அதோடயே நடந்திருக்காரு. சாயங்காலம் திண்ணையில ரத்தத் தடத்தப் பாத்து, "தாத்தா, எதையோ மிதிச்சிட்டிய"ன்னு பேத்திதான் சொன்னா. பெரியாஸ்பத்திரியில பாத்தா சீனி 300ச் சொச்சம். காலு பழகவும் இல்ல, ஒண்ணும் இல்ல, நரம்பு செத்துப் போயிருந்துச்சு. வலிக்க புண்ணுக்கு மனுசன் டாக்டருகிட்ட ஓடுவான். வலிக்காத புண்ணுக்கு யாரு ஓடுவா? அதுலதான் வெரலும் பாதமும் போவுது. நீ ராத்திரியில உள்ளங்காலு எரியுதுன்னு சிமிண்டுத் தரையில காலத் தூக்கித் தூக்கி வைக்கியே, அதுக்கு "சூடு"ன்னு பேரு வச்சு மோரு குடிக்கத விட்டுரு. நரம்பு மரத்துப் போறதுக்கு முன்னால எரிஞ்சும் காட்டும், ஊசி குத்துத மாதிரி சுருக்சுருக்குன்னும் காட்டும்.

உப்பளத்துப் பொம்பளைய பாடு இன்னும் மோசம். ஒதுங்க எடம் இல்லாததால தண்ணியவே கொறச்சுக்கிடுதாவ. மூத்திரம் கடுத்தாலும் எரிஞ்சாலும் வெயில் சூடுன்னு வெந்தயத்த முழுங்கிட்டு மறுநாளும் வேலைக்குப் போயிருதாவ. சுகரால வார மூத்திரக் கிருமியும் இந்தக் கணக்குலயே மறைஞ்சு போவுது. கீழ அரிப்பு திரும்பத் திரும்ப வரும், வெளிய சொல்ல மாட்டாவ. சீனி கூடுன எடத்துல பூஞ்சை நல்லா செழிக்கும், அவ்வளவுதான் காரணம், வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஆம்பளைக்கும் வரும். போன மாசம் மருந்துக்கடையில காதோட காதா ஒரு களிம்பு கேட்டு வாங்கினியே, நான் பின்னால நிக்கலைன்னு நெனச்சுக்கிட்ட.

"நான் சீனியே தொடுததில்ல, கருப்பட்டிக் காப்பிதான்"னு ஒன் அடுத்த சவடால். உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு வாங்குன சரக்கு. அதோட மணத்துக்கு நானும் அடிமதான். ஆனா பதனியக் காய்ச்சினா வாரதும் பெரும்பகுதி சுக்ரோசுதான், கடையில விக்க வெள்ளச் சீனியும் சுக்ரோசுதான். பனமரத்துல இருந்து வந்துச்சா, கரும்புல இருந்து வந்துச்சான்னு நாக்கு விசாரிக்கும், ரத்தம் விசாரிக்காது. மக்ரூன் தின்னும்போது ஒண்ணு சொல்லுவியே, "காத்துதான மாமா, வாயில வச்சா கரைஞ்சிருது"ன்னு. முட்ட வெள்ளக்கரு, முந்திரி, சீனி. இதுல காத்து எதுன்னு பேக்கரியில கேட்டு வந்து சொல்லு. காலைல யாருக்கும் தெரியாம சிறுகுறிஞ்சான் பொடி வேற கரைச்சுக் குடிக்க. இல்லாத சீக்குக்கு மருந்து எதுக்குடே?

இப்ப ஒனக்கு ஒரு பரீட்ச வைக்கேன். ரத்தம் வேண்டாம், ஊசி வேண்டாம், பயப்படாத. சென்னையில மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேசன்ல டாக்டர் மோகனும் கூட இருக்கவியளும் 2005ல நம்ம நாட்டு ஒடம்புக்குன்னே ஒரு மார்க்கு கணக்கு போட்டாவ. நாலே கேள்வி. வயசு: 35க்குக் கீழன்னா ஒண்ணுமில்ல, 49 வரைக்கும் 20 மார்க்கு, 50 ஆயிட்டா 30. ஒனக்கு 43, வை 20. இடுப்பு: ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளன்னா ஒண்ணுமில்ல, 99 வரைக்கும் 10, 100 ஆயிட்டா 20. பொம்பளைக்கு இந்த அளவெல்லாம் பத்துப் பத்து கொறச்சுக்கிடணும். நீ டெய்லரு முன்னால மூச்ச உள்ள இழுத்துக்கிட்டு நின்னும் 98, வை 10. ஒடம்பசைவு: வேர்க்க விறுவிறுக்க வேல செஞ்சா ஒண்ணுமில்ல, கொஞ்சம் நடந்தா 20, உக்காந்த எடத்துலயே இருந்தா 30. எதுத்த கடைக்கு பைக்குல போறவனுக்கு 30க்கு மேல கொடுக்க அந்தக் கணக்குல வழியில்ல. அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இருந்தா 10, ரெண்டு பேருக்கும்னா 20. என் மச்சானத் திருக்க மீனுகிட்டயே விட்டுருதேன், ஒங்கம்மாவுக்கு மட்டும் 10. கூட்டு. 70! 60 வந்தாலே ஆபத்து கூடுதல்னு அர்த்தம். பள்ளிக்கூடத்துல எந்தப் பாடத்துலயும் நீ இம்புட்டு வாங்குனதில்ல மருமவனே.

ஆனா இதுலயும் பிடிபடாதது ஒண்ணு இருக்கு. இந்த மார்க்கு சந்தேகத்தத்தான் சொல்லும், சீக்கச் சொல்லாது. நான் இம்புட்டு நேரம் அடுக்குன அடையாளத்துல ஒண்ணுகூட இல்லாம, நல்லாத் தின்னு நல்லாத் தூங்கிக்கிட்டே சுகரோட இருக்கவன் ஊருக்குள்ள நெறைய. நம்ம கடல்ல முத்துச் சலாபம் எப்பிடிப் போடுவாவன்னு ஒனக்குத் தெரியாது. 1961க்குப் பொறவு போடவே இல்ல, நான் அப்ப அரும்பு மீசப் பய. கரையில நின்னு கடலப் பாத்து, "இந்த வருசம் முத்து இருக்கு"ன்னு எந்தத் துரையும் சொன்னதில்ல. குளியாளிய எறக்கிப் பார சோதிச்சு, சாம்பிளுக்குச் சிப்பி எடுத்து, அத அழுக விட்டு, கழுவி, கெடைச்ச முத்த வியாபாரியளுக்குக் காட்டி மதிப்புப் போட்டு, கட்டுபடியாவும்னு தெரிஞ்ச பொறவுதான் சலாபம்னு அறிவிப்பாவ. கடலு மேல பாத்தா எல்லா எடமும் ஒரே நீலந்தான். ஒன் ஒடம்பும் மேல பாத்தா நல்லாத்தான் இருக்கு. ஒரு சிப்பி எடுத்துப் பாக்கச் சொல்லுதேன், அவ்வளவுதான்.

எடுக்கத எப்பிடின்னு கேளு. ராத்திரி சாப்பிட்டதுல இருந்து எட்டு மணி நேரமாவது பட்டினி, பச்சத் தண்ணி மட்டும் குடிக்கலாம். டீ கூடாது, சீனி போடாத டீயும் கூடாது, "ஒரு பிஸ்கட்டுதான"ங்கதும் கூடாது. அந்த வெறும் வயித்து ரத்தத்துல 100க்குக் கீழ இருந்தா நல்லது, 126ஓ அதுக்கு மேலயோ இருந்தா சுகரு. நடுவுல நின்னா வாசப்படி வரைக்கும் வந்துட்டுன்னு வச்சுக்க. இன்னொரு வழி, 75 கிராம் குளுக்கோசக் கரைச்சுக் குடிச்சு ரெண்டு மணி நேரங் கழிச்சுப் பாக்கது: 140க்குள்ள நல்லது, 200ஓ மேலயோ சுகரு. ஒன்ன மாதிரி தாகமும் மூத்திரமும் மெலிவும் பளிச்சுன்னு இருக்கவனுக்கு, எப்பப் பாத்தாலும் 200 தொட்டுட்டாப் போதும், வேற சாட்சி வேண்டாம். அடையாளமே இல்லாதவனுக்கு ஒரு தடவ கூடுதலாக் காட்டினா, இன்னொரு தடவ பாத்து உறுதி பண்ணிக்கிடணும். வெரல் நுனியில குத்திப் பாக்க மிசினு சந்தேகம் பாக்கதுக்கு. சுகருன்னு முத்திர குத்துததுக்கு நரம்புல எடுத்து லேபுல பாக்கணும்.

ஒன் தந்திரம் எனக்குத் தெரியும். ஒங்கம்மா அதத்தான் செஞ்சா: டெஸ்டுக்கு மூணு நாளு முன்னாலயே சோத்தக் கொறச்சு, பாவக்காயாத் தின்னு, நல்ல நம்பரா வாங்கிட்டு வந்து, அன்னைக்கு ராத்திரியே பால்கோவா டப்பாவத் தொறந்தா. டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே ஹெச்பிஏஒன்சி எழுதிக் கொடுத்துட்டாவ. ரத்தத்துச் செவப்பணுவுல ஒட்டுன சீனியக் கணக்கெடுக்க டெஸ்டு அது. அணுவுக்கு ஏறத்தாழ 120 நாளு ஆயுசு, அதனால ரெண்டு மூணு மாசத்து வண்டவாளமும் மொத்தமா வெளிய வந்துரும். 5.7க்குக் கீழ நல்லது, 6.5ம் அதுக்கு மேலயும் சுகரு. அதுக்குப் பட்டினியும் கெடக்க வேண்டாம். ரத்தசோக இருக்கவியளுக்கு அந்தக் கணக்கு தப்பலாம், டாக்டருகிட்ட மறைக்காமச் சொல்லிறணும்.

துட்டு இல்லைன்னு சொல்லிராத. புரோட்டாக்கடைக் கணக்கு எங்கிட்ட இருக்கு. துட்டே இல்லைன்னாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் பெரியாஸ்பத்திரியிலயும் சும்மாவே பாக்காவ. மக்களைத் தேடி மருத்துவம்னு ஒரு திட்டத்த 2021ல, நம்ம மாதா திருநாளு தேதியான ஆகஸ்ட் 5ஆம் தேதியில, கிருஷ்ணகிரி பக்கம் சாமனப்பள்ளியில தொடங்கி வச்சாவளே, அதுல வேல பாக்க பிள்ள ஒருத்தி நம்ம தெருவுக்கும் வாரா. வீட்டு வாசல்ல வச்சே பிரஷரும் சுகரும் பாக்குதா, இருக்கவியளுக்கு மாத்திரையும் கொடுக்கா. அவ பையத் தூக்கிக்கிட்டுத் தெருமுனையில வரையில நீ கொல்லப்பக்கமாப் போயி மதிலேறிக் குதிக்க. 98 இடுப்பத் தூக்கிக்கிட்டு மதில் ஏறுதது ஒனக்குக் கஷ்டமா இல்லையாடே? அந்த வேகத்துல தெனமும் அர மணி நேரம் ரோச் பூங்கா பக்கம் நடந்திருந்தா மார்க்காவது கொறஞ்சிருக்கும்.

ஒனக்கு மட்டும் வந்த அவமானம்னு நெனைக்காத. 2023ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கணக்கு வெளிய வந்துச்சு: நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சுகரு, 13 கோடியே 60 லட்சம் பேரு வாசப்படியில. நம்ம தமிழ்நாட்டுல பெரியவியள்ல நூத்துக்கு 14.4 பேரு. டீக்கடையில ஒன் பேச்சக் கேட்டுக்கிட்டு இருந்த கூட்டத்துலயே ஒண்ணு ரெண்டு பேரு மாத்திரையப் பையில வச்சுக்கிட்டுத்தான் தலையாட்டியிருப்பாவ. "தெரிஞ்சா வாழ்நாள் பூரா மாத்திரையில்லா"ன்னு பயப்படுத. வீட்டு லோனுக்கு 20 வருசம்னு கையெழுத்துப் போடையில கை நடுங்கலையே. வாசப்படியில நிக்கையிலேயே பிடிச்சிட்டா மாத்திரைக்குக்கூட வேல கொறைவு. சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் ஆளுவ 531 பேர வச்சு நடத்துன ஆராய்ச்சி 2006ல வந்துச்சு. நடையும் சாப்பாடும் மாத்திக்கிட்டவியளுக்கு சுகரு வாரது 28.5 சதவீதம் கொறஞ்சுது. வாசப்படியில நிக்கோமான்னு தெரிஞ்சாத்தான அந்த 28.5ல எடம் பிடிக்க முடியும்?

வெளையாட்டப் பைய ஓரமா வச்சுட்டு ரெண்டு விசயம் சொல்லுதேன், இதுல சிரிக்காத. ஒன் அண்ணன் மவ மாசமா இருக்கா. அவளுக்குத் தாகமும் வராது, ஒண்ணும் வராது, ஆனா சீனி ஏறியிருக்கலாம். புள்ளத்தாச்சிக்குத் தனிக் கணக்கு. நம்ம சேஷையா டாக்டரு சொல்லி வழக்கத்துக்கு வந்தது: சாப்பிட்டிருந்தாலும் சரி, சாப்பிடலைன்னாலும் சரி, 75 கிராம் குளுக்கோசக் குடிக்க வச்சு ரெண்டு மணி நேரத்துல பாப்பாவ. 140 தொட்டாலே கவனிக்கணும். நர்சம்மா கூப்பிட்டா, "குமட்டுது"ன்னு அவள வீட்டுலயே இருக்க வச்சிராதிய.

இன்னொண்ணு சின்னப் பிள்ளைய. நல்லா இருந்த பிள்ள கொஞ்ச நாளுக்குள்ள எலும்பும் தோலுமா ஆயி, தண்ணி தண்ணின்னு பறந்து, பழக்கம் விட்டுப் போன பொறவு திரும்பப் படுக்கையில மூத்திரம் போச்சுன்னா, கண்ணு பட்டுருச்சுன்னு சுத்திப் போட்டுக்கிட்டு இருக்காதிய. அன்னைக்கே ரத்தத்தப் பாக்கணும். வாந்தி, வயித்து வலி, மேல்மூச்சு கீழ்மூச்சு, வாயில பழம் அழுகுன வாட வந்துட்டா மணிக்கணக்கு ஆட்டம், 108ஐக் கூப்பிடணும். அந்த வகைச் சுகருல ஒடம்புல இன்சுலினே சொரக்காது, ஊசியா வெளிய இருந்து கொடுத்தாத்தான் பொழைக்கும். 1922 ஜனவரியில டொராண்டோவுல லெனார்ட் தாம்சன்னு ஒரு பதினாலு வயசுப் பயலுக்கு மொத மொதல்ல போட்டாவ. அதுக்கு முந்தி அப்பிடிப்பட்ட பிள்ளையள யாரும் ரொம்ப நாளு பொழைக்க வச்சதில்ல. இன்சுலின முந்தின வருசம் கண்டுபிடிச்ச பான்டிங் பொறந்த நாளு நவம்பர் 14, அன்னைக்குத்தான் உலக நீரிழிவு நாளு. நேரு பொறந்த நாளும் அதே தேதிதான். நம்ம பள்ளிக்கூடத்துல அன்னைக்கு என்ன கொடுக்காவ? முட்டாயி.

சரி, நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு பெரியாஸ்பத்திரி லேபுல கூட்டம் சேரதுக்கு முன்னால போயிரணும். இன்னைக்கு ராத்திரி எட்டரைக்குள்ள சாப்பாட்ட முடிச்சிரு, புரோட்டாக் கடைக்காரன்கிட்ட நானே சொல்லிருதேன், ஒன் நாலு புரோட்டாவுக்கு மாவு பிசைய வேண்டாம்னு. போகையில அத்தையையும் கூட்டிட்டுப் போ, அவளுக்கும் மார்க்கு போடணும். வயசு நான் சொல்லுதேன். நடக்காளா இல்லையான்னு நீயே பாத்திருக்க. இடுப்பளவு மட்டும் நீ நாடா பிடிச்சு எடுத்துரு, நான் அந்த நேரத்துல தோணித்துறை வரைக்கும் ஒரு சோலியாப் போயிட்டு வாரேன்.